சிறுநீரகம் கேட்காவிட்டாலும் எலும்புக்குக் கேட்கும்

ரத்தத்தில் கால்சியம் குறைவு, பாஸ்பேட் அதிகம். கால்சியத்தை ஏற்றிவிட வேண்டிய பாராதைராய்டு ஹார்மோனோ (பி.டி.எச்., கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரப்பது) குறையவில்லை, அதுவும் அதிகம். சிறுநீரகச் செயலிழப்பு, வைட்டமின் டி குறைவு, மெக்னீசியம் குறைவு இவையெல்லாம் இல்லை என்று உறுதியானபின், சூடோஹைப்போபாராதைராய்டிசமா என்று பார்க்க வேண்டும். 1942-இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த நோய் இது. சுரப்பியில் குறையில்லை, அது சொல்வதை உடல் ஏற்பதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

'உடல்' என்றதும் எலும்பையும் அதில் சேர்த்துவிடுவதுதான் பெரிய தவறு. ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தைத் தருவது ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணு. அதில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. சிறுநீரகத்தின் அண்மைக் குழலில் (நுண்குழாயின் தொடக்கப் பகுதியில்) பெரும்பாலும் தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. அது முடங்கினால் அங்கே செய்தி நின்றுபோகும். எலும்பில் இரண்டு பிரதிகளும் வேலை செய்கின்றன. அதனால், குறிப்பாக இந்நோயின் 1பி என்ற வகையில், எலும்பு ஹார்மோனுக்கு நன்றாகவே இணங்குகிறது. பல வருடம் ஹார்மோன் உயர்ந்தே இருந்தால் எலும்பு கரையும், வலிக்கும், எலும்பின் மாற்றத்தைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறும். சிலருக்கு எலும்புக்குள் குழிகளே விழுந்துவிடும்.

ஆகவே, "கால்சியம் சரியாகிவிட்டது, பி.டி.எச். அதிகமாக இருப்பது இந்த நோயின் இயல்பு, விட்டுவிடலாம்" என்று இருக்கக் கூடாது. அதற்காக அதை ஒரேயடியாக அடக்கவும் கூடாது. சிறுநீரகத்தின் சேய்மைக் குழல் (நுண்குழாயின் பின்பகுதி) இன்னும் ஹார்மோனுக்கு இணங்கி கால்சியத்தைப் பிடித்து வைக்கிறது. ஹார்மோன் அளவுக்கு மீறி இறங்கினால் கால்சியம் சிறுநீரில் போய்விடும். இயல்பளவின் மேல்பகுதி, அல்லது அதற்குச் சற்று மேலே என்பதே பொதுவான இலக்கு.

சாதாரண வைட்டமின் டி மட்டும் கொடுப்பதும் போதாது. அதைச் செயல்வடிவமாக மாற்றும் வேலை நடப்பதே செய்தி நின்றுபோன அந்தக் குழலில்தான். அதனால்தான் செயல்வடிவ வைட்டமின் டி-யான கால்சிட்ரியால், அல்லது அந்தக் குழலின் உதவியின்றியே அவ்வடிவமாக மாறும் ஆல்ஃபாகால்சிடால் தேவைப்படுகிறது.

எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கால்சியம் குறைந்து வரும் வலிப்பைக் காக்காய் வலிப்பு என்றே எண்ணி, வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது. ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்துகள் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைத்து நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். வலிப்பு வந்தால் கால்சியம் பாருங்கள். எளிய ரத்தப் பரிசோதனைதான்.

அப்புறம், இந்நோயின் இன்னொரு வகையான 1ஏ-யில் காணும் குட்டையான விரல்கள். ஹார்மோன் எலும்பைத் தின்றதால் வந்தவை அல்ல அவை. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொண்டதால் வந்தவை. கால்சியம் மாத்திரையால் விரல் நீளாது. தந்தை வழியில் இந்த மரபணுக் குறை வந்த பெண்ணுக்கு விரல்கள் குட்டையாக இருந்தும் கால்சியம் சரியாகவே இருக்கலாம். அவர் வழியாக அதே குறை, இப்போது தாயின் பிரதியாக, அவருடைய குழந்தைக்குப் போனால், ஹார்மோன் எதிர்ப்போடு முழு நோயாக வரும்.