தி.நகருக்கு முன்னால் அரை நாள்: ஊருக்கு வருபவர்களுக்குக் கைவினைக் கண்காட்சிக் குறிப்புகள்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தி.நகருக்கு மூன்று நாள், கோயில்களுக்கு நான்கு நாள் என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். என்னைக் கேட்டால், கடைக்குப் போகும் முன் அரை நாளை முட்டுக்காட்டுக்கு ஒதுக்குங்கள் என்பேன். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள தட்சிணசித்ரா என்ற பாரம்பரியக் கலை அருங்காட்சியகம் 1996இல் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு வாசலில் நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். சரி, எடுங்கள். அப்புறம் வரிஜா கலைக்கூடத்துக்குள் நுழையுங்கள். இந்தக் காலத்துக் கலைஞர்களின் வேலைகளை அங்கே மாற்றி மாற்றி வைக்கிறார்கள், கிளம்பும் முன் என்ன ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெட்டவெளியில் நிறைய நடக்கவேண்டும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

போன முறை டொராண்டோவிலிருந்து வந்த சித்தி மகளைக் கைவினைப் பொருள்கள் விற்கும் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். பத்தமடைப் பாயில் தைத்த கைப்பை ஒன்றின் விலையைப் பார்த்து, "கோரைக்கா இவ்வளவு?" என்று என் காதில் கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. அவர் பதில் சொல்லவில்லை. ஒரு கோரையை எடுத்துக் கத்தியால் கீறினார். இரண்டானது, நாலானது, கடைசியில் நூல் மாதிரி விரலில் சுருண்டது. கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, இப்படிக் கீறி, சாயமேற்றி, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் ஒவ்வோர் இழையாகக் கொடுக்கவேண்டும். நல்ல பட்டுப்பாய் துணி போல மடியும். சித்தி மகள் பேரம் பேசாமல் இரண்டு பை வாங்கினாள்.

அதனால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் பொருளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில்தான் கைவேலை தெரியும். பனையோலைக் கொட்டானானாலும் நீலகிரித் தோடர்களின் பூவேலையானாலும், எந்த ஊர், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். செய்தவருக்கு அதைச் சொல்வதில் சந்தோஷம், வாங்கி விற்பவர் மழுப்புவார். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். புதிய வடிவமைப்பைப் படம் பிடித்துப்போய் வேறு இடத்தில் மலிவாகச் செய்துவிடுகிறார்கள் என்ற வருத்தம் அவர்களுக்கு உண்டு, அது நியாயம்தான்.

சுவாமிமலை வெண்கலச் சிலை வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அங்கிருக்கும் திருவாலங்காட்டு நடராசர் சிலையைப் பார்த்துவிட்டு வந்தால், கடையில் இருப்பதில் எது வேலை, எது வெறும் பளபளப்பு என்று கண்ணே சொல்லிவிடும். ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டவர் கட்டணம் கேட்கும் அரசு அருங்காட்சியகங்களில் அதைக் காட்டிப் பேசலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, சிற்பம், ஓவியம் எதையும் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விடாது. "பாட்டன் காலத்துச் சிலை சார்" என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். உண்மையென்றால் குற்றம், பொய்யென்றால் ஏமாற்று. புதுச்சிலையையும் பழையது போலத் தெரியப் பச்சை பூசி விற்பதுண்டு. அப்படிப்பட்டதற்கு, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். விமானத்துக்கு முந்தின நாள் ஓடினால் ஆகாது. ரசீதில் 'புதிதாகச் செய்தது' என்று எழுதி வாங்கி, சிலையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் கோரை, ஓலை, மரம் எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் குறித்தே ஆகவேண்டும். மறைத்தால் அபராதம், சொன்னால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். பாயைப் பெட்டியில் வைக்கும் முன் ஒருநாள் நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் போய்ச்சேருவதற்குள் பூசணம் பிடித்துவிடும்.