பெரிய விளம்பரத்துக்கு ஆசைப்பட்டு மலைச் சேனல்கள் செய்யும் தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடியோ சேனல் நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மலை ரயில், பச்சைத் தேயிலை பறிப்பு, வர்க்கி அடுப்பு என்று எடுக்க விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. பார்வைகள் கொஞ்சம் ஏறியதும் ஒரு பேச்சு காதில் விழும்: "பிரீமியம் விளம்பரத்தில் சேர்ந்துவிடு, காசு கொட்டும்."

சேர முடியாது என்பதுதான் விஷயமே. யூடியூப் 2014ல் 'கூகுள் பிரிஃபர்டு' என்ற பெயரில் இதைத் தொடங்கியது; 2020ல் 'யூடியூப் செலக்ட்' ஆனது. மக்கள் அதிகம் விரும்பிப் பார்க்கும் சேனல்களைத் துறைவாரியாகக் கட்டி, பெரிய கம்பெனிகளுக்குக் கூடுதல் விலையில் விற்கும் ஏற்பாடு இது. யார் உள்ளே என்பதை யூடியூபே தீர்மானிக்கிறது. விண்ணப்பப் படிவம் எதுவும் கிடையாது. ஆகவே "நான் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடு" என்று வருகிறவரை ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். சேனல்களை நிர்வகிக்கும் நெட்வொர்க்குகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் எத்தனை வருட ஒப்பந்தம், எவ்வளவு பங்கு, பாதியில் விலக முடியுமா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது சிபிஎம் மயக்கம். ஆயிரம் விளம்பரக் காட்சிகளுக்கு விளம்பரதாரர் கொடுப்பது சிபிஎம். ஆயிரம் பார்வைகளுக்கு உங்கள் கைக்கு வருவது ஆர்பிஎம். நீள வீடியோ என்றால் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஆனால் எல்லாப் பார்வையிலும் விளம்பரம் ஓடாது. அதனால் சிபிஎம்மை நண்பனிடம் காட்டிப் பெருமைப்படலாம், பட்ஜெட் போடக் கூடாது.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீடியோக்களுக்குக் கூட்டம் ஏப்ரல், மே சீசனில். விளம்பரக் கம்பெனிகள் அதிகம் செலவழிப்பதோ தீபாவளியிலிருந்து டிசம்பர் வரை. ஜனவரியில் விலை சட்டென்று இறங்கும். ஒரு நல்ல மாதத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவுக்கு இ.எம்.ஐ. போட்டால் பிப்ரவரியில் திண்டாட்டம்தான்.

அப்புறம் நீளம். 8 நிமிடம் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக ஆறு நிமிட விஷயத்தை இழுக்கிறார்கள். அதிலும் தானியங்கியிடம் விட்டுவிட்டால், எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வி, ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. குகைக்குள் நுழைகிறது, திரை இருள்கிறது. அடுத்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கும்போது ஒரு சோப்பு விளம்பரம்! பார்க்கிறவர் அங்கேயே போய்விடுவார். குகையைத் தாண்டி, ரயில் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்தில் நீங்களே வையுங்கள்.

அதே வீடியோவுக்குப் பின்னால் இளையராஜா பாட்டைப் போட்டால் அந்தப் பாட்டின் உரிமையாளர் உரிமை கோருவார். விளம்பரப் பணம் அவருக்குப் போய்விடலாம். ரயிலின் சத்தமே போதாதா?

ஹோம்ஸ்டேயில் இலவசமாகத் தங்கிவிட்டு "அருமையான இடம்" என்று மட்டும் சொல்வதும் தவறு. பணம் வாங்கவில்லை என்பது சாக்கு ஆகாது. இலவசத் தங்கலையும் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது 2023ல் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதல். யூடியூபிலும் அதற்கான பெட்டியை டிக் செய்யுங்கள்.

கடைசியாகச் சின்ன விஷயம், ஆனால் எஸ்டேட் பக்கம் பலரை மாட்டிவிடுவது. வருமானம் 10 டாலரை எட்டியதும், விளம்பரப் பணத்தை நமக்கு அனுப்பும் கூகுளின் ஆட்சென்ஸ், முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்பும். நான்கு மாதத்துக்குள் அதைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். லைன் வீட்டு முகவரிக்குக் கடிதம் சரியாக வராது என்றால், ஆரம்பத்திலேயே தபால்காரருக்குத் தெரிந்த முகவரியைக் கொடுத்து, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.