டெக்சாஸில் காருக்குக் கார் மாற்றிக்கொள்ளும்போது வரி கட்டுவது எப்படி?

டெக்சாஸில் தனியாள் ஒருவரிடம் பழைய கார் வாங்கினாலும் விற்பனை வரி உண்டு. டீலரும் இல்லை, பில்லும் இல்லை, அப்புறம் எதற்கு வரி என்று என்னிடம் கேட்காத நண்பர்களே இல்லை. விற்பவர் இந்த வரியை வாங்குவதில்லை. வாங்கியவர் டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றப் போகும்போது, கவுன்டி டாக்ஸ் ஆபீஸ் கவுன்டரிலேயே வசூலித்துவிடுவார்கள். 6.25 சதவீதம். 10,000 டாலர் வண்டிக்கு 625 டாலர்.

இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் வண்டியை மாற்றிக்கொள்ளும்போதுதான் பணம் வீணாகப் போகிறது. குழந்தை பிறந்த வீட்டுக்கு வேன் தேவைப்படும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட வீட்டுக்குச் சின்ன கார் போதும். பேசி முடித்ததும், “நீங்க எனக்குப் பத்தாயிரம் அனுப்புங்க, நான் உங்களுக்குப் பத்தாயிரம் அனுப்புறேன், கணக்கு நேராயிடும்” என்று ஆளுக்கு ஆள் பணம் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் அது இரண்டு தனித்தனி விற்பனை. ஆளுக்கு 625, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1,250 டாலர் வரி. பணமே கைமாறாமல் வண்டிக்கு வண்டி கொடுத்து வாங்கினால் ஆளுக்கு 5 டாலர்தான். இதற்கு ஈவன் டிரேடு என்று பெயர். சட்டத்தின் சந்துபொந்தில் நுழைந்து தப்பிக்கிற வேலை இல்லை இது. வரிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, படிவத்திலும் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது.

என் வேனையும் நண்பர் ஒருவரின் காரையும் நாங்கள் இப்படித்தான் மாற்றிக்கொண்டோம். எந்த வரிசையில் செய்தோமோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு டைட்டிலையும் மேஜையில் வைத்துப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரிலீஸ் கடிதம் கைக்கு வரும்வரை மேற்கொண்டு நகராதீர்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போயிருந்தால் அவர் திரும்பும்வரை பொறுப்பதுதான் நல்லது. டைட்டிலின் பின்பக்கத்தில் விற்பவர் கையெழுத்து, வாங்குபவர் பெயர், தேதி, ஓடோமீட்டர் அளவு எல்லாம் நிரப்ப வேண்டும். 2011 மாடலும் அதற்குப் பிந்தியதும் என்றால் ஓடோமீட்டர் அளவு கட்டாயம். வண்டியில் போய் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். அடித்துத் திருத்திய டைட்டிலை கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிடக்கூடும், அதனால் நிதானமாக, ஒரே பேனாவில் எழுதுங்கள்.

அடுத்தது 130-யூ படிவம், டைட்டிலை மாற்றித் தரக் கேட்கும் விண்ணப்பம். வண்டிக்கு ஒன்று வீதம் இரண்டு வேண்டும். ஒன்றில் நீங்கள் விற்பவர், மற்றதில் வாங்குபவர். இரண்டிலுமே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தின் கீழ்ப்பகுதியில்தான் வரிக் கணக்கு வருகிறது. விலை, அதில் கழியும் டிரேட்-இன் (பதிலுக்குக் கொடுக்கும் வண்டி) மதிப்பு, மீதிக்கு 6.25 சதவீதம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பக்கத்திலேயே ‘5 டாலர் ஈவன் டிரேடு’, ‘10 டாலர் அன்பளிப்பு’ என்று சின்னக் கட்டங்கள். பதிலுக்குக் கொடுக்கும் வண்டியின் வருடம், கம்பெனி, வின் எண் (வண்டியின் அடையாள எண்) எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். இது மாற்றுதான் என்று காட்டுவது அந்த இடம்தான். 17 இலக்க வின் எண்ணை ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதினால் பிழை வராது.

முடிந்தால் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தே போங்கள். இரண்டு படிவமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது கேள்விகள் குறையும். அடையாள அட்டை, புது வண்டிக்கான இன்சூரன்ஸ் இரண்டும் கையில் இருக்க வேண்டும். வரி தவிர டைட்டில் கட்டணம் தனி, கவுன்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். கெடு 30 நாள். தாண்டினால் வரிக்கும் அபராதம், டைட்டில் மாற்றத்துக்கும் தனி அபராதம்.

இரண்டு வண்டியும் சம மதிப்பில் அமைவது அபூர்வம். உங்கள் கார் 8,000, அவருடையது 10,000 என்று வைத்துக்கொள்வோம். மேலே 2,000 கொடுக்கிறீர்கள். அப்போது 5 டாலர் சலுகை கிடையாது. ஆனாலும் முழு விலைக்கு வரி கட்ட வேண்டியதில்லை. 10,000-இல் உங்கள் காரின் 8,000-ஐக் கழித்து, மீதி 2,000-க்கு 6.25 சதவீதம், அதாவது 125 டாலர். டிரேட்-இன் கழிவு டீலரிடம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். டெக்சாஸில் தனியாட்களுக்குள்ளும் அது செல்லும்.

பணம் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விலையைக் குறைத்து எழுதினால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் மாநிலம் ஓர் உத்தேச மதிப்பு வைத்திருக்கிறது, எஸ்.பி.வி. என்பார்கள். நீங்கள் கொடுத்த விலை அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால், அந்த 80 சதவீதத்துக்கே வரி போடுவார்கள். மதிப்பு 10,000 இருக்கிற வண்டியை 5,000-க்கு வாங்கினாலும் 8,000-க்கு வரி, 500 டாலர். வண்டி அடிபட்டு நிஜமாகவே மலிவாகக் கிடைத்தது என்றால், லைசென்ஸ் உள்ள டீலரிடமோ இன்சூரன்ஸ் அட்ஜஸ்டரிடமோ 14-128 படிவத்தில் மதிப்பீடு வாங்கலாம். அதற்கும் செலவு உண்டு, கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநில மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யின் தளத்தில் வின் எண்ணும் மைலும் கொடுத்தால் எஸ்.பி.வி. உடனே தெரிந்துவிடும். பேரம் பேசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறுக்குவழி, அன்பளிப்பு என்று எழுதி 10 டாலரோடு முடிப்பது. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள் மாதிரியான நெருங்கிய உறவுக்குள் மட்டும்தான் அது செல்லும். 14-317 என்ற உறுதிமொழிப் படிவத்தில் இரு தரப்பும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். நண்பருக்கு இது கிடையாது, சித்தப்பா மகனுக்கும் கிடையாது. 130-யூ படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள்: பொய்த் தகவல் கொடுப்பது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம், பத்து வருடம் வரை சிறை. விசாவில் இருப்பவர்களிடம் இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். சில நூறு டாலருக்காக அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

இதெல்லாம் டெக்சாஸ் கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும். அரிசோனாவிலும் நெவாடாவிலும் தனியாட்களுக்குள் நடக்கும் விற்பனைக்கு வரி இல்லை, ஓரிகனில் விற்பனை வரியே இல்லை. கலிஃபோர்னியாவில் மாற்றிக்கொண்டாலும் உங்களுக்கு வந்த வண்டியின் சந்தை மதிப்புக்கு வரி கட்ட வேண்டும். எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறீர்களோ அந்த மாநிலச் சட்டம்தான் உங்களுக்கு.

கடைசி வேலை, கொடுத்த வண்டியைப் பற்றியது. வண்டி கைமாறிய தகவலை வி.டி.ஆர்.-346 படிவத்தில் 30 நாளுக்குள் டி.எம்.வி.க்குக் கொடுத்துவிடுங்கள், ஆன்லைனிலேயே முடியும். இல்லாவிட்டால் புது ஓனர் வாங்கும் பார்க்கிங் டிக்கெட் உங்கள் பெயருக்கு வந்து சேரும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் டேகை, சாவியைக் கொடுப்பதற்கு முன்பே உரித்து எடுத்துவிடுங்கள். டோல் கணக்கிலிருந்து அந்த நம்பர் பிளேட்டையும் நீக்குங்கள். பழைய வண்டியின் இன்சூரன்ஸை மட்டும், டைட்டில் மாறிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு நிறுத்துங்கள்.