எறும்புக்கும் பறவைக்கும் ஒரே லென்ஸ்: குறைந்த செலவில் எப்படித் தேர்வு செய்வது?

கேமரா வாங்கி மூன்று நாலு மாதம் ஆனதும் இரண்டு ஆசைகள் வந்துவிடும். இலை மேல் ஓடும் பூச்சியின் முகத்தை, அதன் கண்ணில் இருக்கும் கட்டங்கள் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். அப்புறம், மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவையை இறகு இறகாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் இரண்டுக்கும் எட்டாது. சரி, சின்னதைப் பெரிதாகக் காட்டும் ஒரு மேக்ரோ லென்ஸ், தூரத்தை அருகில் இழுக்கும் ஒரு பெரிய டெலி லென்ஸ் என்று விலையைக் கூட்டிப் பார்த்தால் கேமராவின் விலையையே தாண்டி நிற்கும், அங்கேயே பலர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு லென்ஸ் போதும் என்பது என் உறுதியான எண்ணம். 55-250 அல்லது 70-300 மாதிரி ஒரு சாதாரண ஜூம், அதன் முன்னால் மாட்டிக்கொள்ள, பூதக்கண்ணாடி மாதிரி ஒரு நல்ல குளோஸ்-அப் கண்ணாடி. இந்த ஜோடியை வைத்தே எறும்பையும் எடுக்கலாம், பறவையையும் எடுக்கலாம்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இது பிடிபட்டுவிட்டால் எந்த லென்ஸின் விளம்பரத்தைப் பார்த்தாலும் குழப்பம் வராது. பொருளின் அளவைக் குவியத்தூரத்தால் (லென்ஸின் மேல் 55, 300 என்று மி.மீ.இல் எழுதியிருக்கும் எண்) பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு ஏறக்குறைய கிடைத்துவிடும். ஒரு சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ. நீளம். அது 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, உங்களிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்றால் பிம்பம் 4.5 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ., ஆக குருவி படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். அதே லென்ஸோடு சத்தமில்லாமல் 5 மீட்டருக்கு நெருங்கினால் 9 மி.மீ. அதாவது நின்ற இடத்திலிருந்தே 600 மி.மீ. லென்ஸில் எடுத்த அளவு. அந்த 600-இன் விலையையும் எடையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஐந்து மீட்டர் நடப்பது எவ்வளவு மலிவு என்று யோசித்துப் பாருங்கள். நிலாவை நோக்கி மட்டும் நடக்க முடியாது, அதற்குக் குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 300 மி.மீ.க்கு நிலா சென்சாரில் 2.7 மி.மீ. வட்டமாக விழும், பெரிய பள்ளங்கள் தெரிய அது போதும்.

தூரத்துக்கு ஜூம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்பதைத்தான். அது இல்லாத பழைய 75-300, 70-300 ஜூம்கள் மிக மலிவாகக் கிடைக்கும், பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் கையில் பிடித்து எடுக்க 300 மி.மீ.க்கு ஏபிஎஸ்-சி கேமராவில் குறைந்தது 1/500 நொடி ஷட்டர் வேகமாவது வேண்டும் (300-ஐ ஏபிஎஸ்-சி சென்சாருக்கான 1.5-ஆல் பெருக்கினால் 450, அதை ஒட்டிய வேகம்), அது சாயங்கால வெளிச்சத்தில் எளிதில் கிடைக்காது. கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்டெபிலைசர் உள்ள 55-250 வாங்குவது, அது இல்லாத 300-ஐ விட நல்லது. கடைசி 50 மி.மீ. போனால் போகட்டும், இந்த விலை ஜூம்களில் பெரும்பாலானவை கடைசி முனையில் சற்று மங்கலாகத்தான் இருக்கும்.

ஒன்று, ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பறவை அசைவதைத் தடுக்காது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல், முடிந்தால் 1/2000. அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு, எஃப் எண் கூடக் கூட அது சுருங்கும்) எஃப் 5.6-இலேயே விடாமல் வெளிச்சம் இருந்தால் எஃப் 8-க்கு மாற்றிப் பாருங்கள், மலிவு ஜூம்கள் பலவற்றில் கூர்மை கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். இதற்காகச் சென்சாரின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்ற வேண்டி வந்தாலும் ஏற்றுங்கள். இரைச்சல் (புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசிறு) உள்ள கூர்மையான படத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் ஏஎஃப், ஏஎஃப்-டி என்று குறிக்கப்பட்ட பழைய லென்ஸ்களை மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, ஏஎஃப்-எஸ் போல உள்ளேயே மோட்டார் இருக்கும் லென்ஸ்தான் வேண்டும். ஏஎஃப்-பி என்று வரும் புதிய லென்ஸ்களோ சில பழைய கேமராக்களில் வேலை செய்யாது. வாங்கும் முன் உங்கள் மாடலோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இருக்கும் ஜூமோடு டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் வரும் துணைக் கண்ணாடி) மாட்டி எட்டத்தைக் கூட்டலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியை எடுத்துக்கொள்ளும், 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப். எஃப் 5.6 ஜூம் எஃப் 11 ஆகிவிடும், டிஎஸ்எல்ஆர்களில் பல எஃப் 5.6-க்கு மேல் ஒழுங்காக ஃபோகஸ் செய்யாது. நான் வாங்கிய 2 மடங்கு கன்வர்ட்டரில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருந்தது, அதற்குள் பறவை பறந்துவிடும். கன்வர்ட்டர் எல்லாம் எஃப் 2.8, எஃப் 4 என்ற பெரிய லென்ஸ்களுக்கு. 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ்கள் சிறியவை, மலிவானவை, ஆனால் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, பெரும்பாலானவற்றில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும், பின்னணியில் இருக்கும் ஒளிப்புள்ளிகள் எல்லாம் வளையம் வளையமாக விழும். நிலாவுக்குச் சரி, பறவைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது கிட்டத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

லென்ஸின் மேல் மேக்ரோ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உருப்பெருக்கம் என்ற எண்ணைத் தேடுங்கள். 1:1 என்றால் 5 மி.மீ. எறும்பு சென்சாரிலும் 5 மி.மீ. நீளத்துக்கு விழும், அதுதான் உண்மையான மேக்ரோ. மேக்ரோ என்று பெயர் போட்ட பல 70-300 ஜூம்கள் 1:2, அதாவது பாதி அளவு வரைதான் போகும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸே சுமார் 0.3 மடங்கு வரும், பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் அதுவே போதுமானது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இனி அந்தக் குளோஸ்-அப் கண்ணாடி. இதன் சக்தியை டையாப்டரில் சொல்வார்கள். 1000-ஐ டையாப்டரால் வகுத்தால் அதன் குவியத்தூரம் மி.மீ.இல் வரும். ரேனாக்ஸ் நிறுவனத்தின் டிசிஆர்-250 என்ற கண்ணாடி 8 டையாப்டர், ஆக 125 மி.மீ. உங்கள் ஜூமை 250-இல் வைத்து முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு) ஃபோகஸ் செய்து இதை முன்னால் மாட்டினால், 250-ஐ 125-ஆல் வகுக்க வேண்டும், உருப்பெருக்கம் 2 மடங்கு! உண்மையான மேக்ரோ லென்ஸ் தருவதை விட இரண்டு மடங்கு பெரிது, அதுவும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடியால். அதன் தம்பி டிசிஆர்-150 4.8 டையாப்டர், அதே ஜூமில் 1.2 மடங்கு. முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் டிசிஆர்-150-ஐத்தான் சொல்வேன். காரணம் இடைவெளி. டிசிஆர்-250 மாட்டினால் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சுமார் 12 செ.மீ.தான் இருக்கும், டிசிஆர்-150-இல் 20 செ.மீ. கிடைக்கும், பூச்சி மிரளாது, உங்கள் நிழலும் அதன் மேல் விழாது. இரண்டுமே 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும். ஜூமைக் குறைத்தால் ஓரங்கள் கறுக்கும், 100 மி.மீ.க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் போலவே தோன்றும் +1, +2, +4, +10 என்று நாலு கண்ணாடி கொண்ட மலிவான செட் ஒன்றும் கிடைக்கிறது. என் முதல் வாங்கல் அதுதான், பூவின் நடுப்பகுதி ஒருவாறு வந்தது, இதழ்களின் ஓரத்தில் ஊதா நிறம் கசிந்து எல்லாம் குழைந்துபோயிருந்தது. அவை ஒற்றைக் கண்ணாடியால் ஆனவை, நிறப்பிழையைச் சரிசெய்ய ஒரு கண்ணாடி போதாது. இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த, அக்ரோமேட் என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள்.

உங்களிடம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் நல்ல வழி. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும், உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் அது, அதனால் படத்தின் தரத்தை அதிகம் கெடுக்காது. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரியும்: 25 மி.மீ. குழாய் 50 மி.மீ. லென்ஸில் 0.5-ஐக் கூட்டும். 250 மி.மீ. ஜூமில் அதே குழாய் 0.1-தான், அங்கே கண்ணாடிதான் ஜெயிக்கும். மின் தொடர்பு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அப்பர்ச்சரை மாற்ற முடியாமல் தவிப்பீர்கள். இவற்றையெல்லாம் விட மலிவு, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் வளையம். இதில் குவியத்தூரம் குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் இதற்கு அருமை, ஆனால் திருப்பிய பிறகு கேமரா பக்கக் கண்ணாடி வெளியே தெரியும், தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் கிட்டத்தில் எடுக்கும்போது பழக வேண்டியது ஆழம். 1:1-இல் எஃப் 8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் பகுதி ஒரு மி.மீ.கூட இருக்காது. அதனால் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, கேமராவோடு சேர்ந்து உடலை மிக மெல்ல முன்னால் நகர்த்துங்கள். முதலில் எறும்பின் உணர்கொம்பு நுனி கூர்மையாகும், அடுத்து தாடை, அடுத்து கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி மின்னும், அந்த நொடியில் அழுத்த வேண்டும். பத்து எடுத்தால் ஒன்று தேறும், அனுபவசாலிகளுக்கும் அப்படித்தான். வெளிச்சம் போதாது என்பதால் ஃபிளாஷ் வேண்டியிருக்கும், கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷின் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வளைத்துப் பிடித்தாலே வெளிச்சம் மென்மையாகிவிடும்.

தனி மேக்ரோ லென்ஸ் எப்போது வாங்கலாம்? வாரம் தவறாமல் பூச்சி எடுக்கப் போகிறீர்கள், கண்ணாடியை மாட்டிக் கழற்றுவது அலுத்துவிட்டது என்றால் வாங்குங்கள். 90 அல்லது 100 மி.மீ.இல் பாருங்கள், 60 மி.மீ. வேண்டாம், பூச்சியின் மூக்கருகே போக வேண்டியிருக்கும். டாம்ரான் 90, டோக்கினா 100 இரண்டின் பழைய எஃப் 2.8 மாடல்களும் 1:1 தருபவை. கிட்டத்தில் கையால்தான் ஃபோகஸ் செய்யப் போகிறோம், ஆட்டோ ஃபோகஸ் மெதுவான பழைய லென்ஸாக இருந்தால் என்ன நஷ்டம்?

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு டார்ச் கொண்டு போங்கள். பின்பக்கம் வழியாக ஒளியைப் பாய்ச்சி முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். உள்ளே நாலைந்து தூசி இருந்தால் கவலைப்படாதீர்கள், படத்தில் தெரியாது. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, ஜூமைச் செங்குத்தாகப் பிடித்தால் தானாகச் சரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் கேமராவில் மாட்டி, நீண்ட முனையில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நாலு மூலைகளையும் பாருங்கள். நாலும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது, பணத்தைக் கொடுக்காதீர்கள்.