டிவி சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் "டிவிக்கும் ஹோம் தியேட்டருக்கும் ஒரு வொயர் குடுங்க" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே வொயரை எடுக்க மாட்டார். "டிவியில என்ன அவுட் இருக்கு சார்?" என்பார். பாதிப் பேர் அங்கேயே முழிப்பார்கள். டிவிக்குப் பின்னால் இருக்கும் துளைகளில் எது சத்தத்தை உள்ளே வாங்குவது, எது வெளியே விடுவது என்று பார்க்காமல் வேலையில் இறங்குவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் அப்பன்.

சிவப்பு, வெள்ளை பின்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிவி போய் மெல்லிய ஸ்மார்ட் டிவி வந்திருக்கும், பழைய 5.1 ஆம்ப் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) மட்டும் நன்றாகவே இருக்கும். புது டிவியிலும் சிவப்பு, வெள்ளைத் துளைகள் தெரியும். செருகினால் சத்தம் வராது. ஆம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். இன்றைய டிவிகளில் அந்தத் துளைகள் பெரும்பாலும் உள்ளே வாங்குவதற்கு மட்டும்தான். சத்தம் வெளியே வரும் வழிகள் வேறு: ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வொயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதிய எச்டிஎம்ஐ, சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல், சில டிவிகளில் ஹெட்போன் துளை.

பழைய ஆம்ப்பில் ஆப்டிகல் இல்லையென்றால், ஆப்டிகலை வாங்கி சிவப்பு, வெள்ளையாக மாற்றித் தரும் சின்னக் கன்வெர்ட்டர் டப்பா கிடைக்கிறது. அதை மாட்டியபின் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) என்று மாற்ற மறக்கக் கூடாது. ஆட்டோவிலோ டால்பியிலோ விட்டால் சாதாரணக் கன்வெர்ட்டருக்கு அது புரியாது. ஒன்று மௌனம், இல்லையென்றால் காதைக் கிழிக்கும் இரைச்சல். இன்னொன்று, புது ஆப்டிகல் வொயரின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகப் பார்த்து, துளையின் கதவை உடைத்தவர்கள் உண்டு.

செட்டாப் பாக்ஸிலிருந்து நேராக ஆம்ப்புக்கு வொயர் இழுக்கும் பழக்கமும் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வேண்டும் என்ற திட்டம் 2003 செப்டம்பரிலேயே சென்னையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சேனல் மட்டும் பார்த்த காலத்துக்கு அந்த இணைப்பு போதும். இப்போது யூடியூப், ஓடிடி எல்லாம் டிவிக்குள்ளேயே ஓடுகின்றன. அந்தச் சத்தம் பெட்டிப் பக்கமே போகாது. எல்லாவற்றையும் டிவிக்குள் விட்டு, டிவியிலிருந்து ஒரே வழியில் வெளியே எடுப்பதுதான் சரி.

அதற்குத்தான் ஏஆர்சி. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. பெரும்பாலான டிவிகளில் ஒரே ஒரு துளையில்தான் இருக்கும். அங்கே ஓடிடி ஸ்டிக்கைச் செருகிவிட்டு, சவுண்ட் பாரை வேறு துளையில் மாட்டினால் எவ்வளவு விலை கொடுத்த பாரும் ஊமைதான். பார் பக்கத்தில் இன்னொரு குழப்பம். அங்கே 'எச்டிஎம்ஐ அவுட்' என்று எழுதிய துளையில்தான் மாட்ட வேண்டும். படம் பாரிலிருந்து அந்த வழியாக டிவிக்குப் போகும். சத்தம் அதே வொயரில் திரும்பி வரும். 'சத்தம் உள்ளேதானே வரணும்' என்று இன்-னில் செருகுகிறவர் யோசித்தது நியாயம்தான், ஆனாலும் வேலை செய்யாது. மாட்டிய பிறகு, டிவியும் பாரும் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி வசதியையும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே வசதிக்கு ஊருக்கொரு பெயர் வைத்தது யார் செய்த புண்ணியமோ.

பாரில் இருக்கும் யுஎஸ்பி துளை பென் டிரைவுக்கு. அதிலிருந்து டிவிக்கு வொயர் போட்டு ஒரு பயனும் இல்லை.

வொயரே வேண்டாம், புளூடூத் போதும் என்பவர்களுக்கு: பாட்டுக்குப் போதும். படத்தில் வாய் அசைந்து முடிந்தபின் வசனம் வரும். டிவியில் 'ஆடியோ டிலே' இருக்கிறதே என்று அதை ஏற்றினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அது சத்தத்தைத் தாமதிக்கத்தான் உதவும், முன்னுக்கு இழுக்காது. வொயர் இணைப்பில் சத்தம் படத்தை முந்தினால்தான் அதற்கு வேலை. எதிரொலி கேட்கிறது என்றால் அது வேறு விஷயம். டிவி ஸ்பீக்கரும் சேர்ந்து பாடுகிறது, அதை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்து, அந்த 'ங்ங்ங்' ஹம்மிங். எல்லாரும் முதலில் ஸ்பீக்கரைத்தான் சந்தேகிப்பார்கள். கேபிள்காரர் இழுத்த கோஆக்ஸ் வொயரை செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். ஹம்மிங் நின்றால் குற்றவாளி அதுதான். மாடி மாடியாக வரும் அந்த வொயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாததால், இடையில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஆம்ப்பில் கேட்கிறது. டிவி, பெட்டி, ஆம்ப் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் சிவப்பு, வெள்ளை வொயருக்கு நடுவே அந்த எர்த் மின்சாரத்தைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டலாம். த்ரீ-பின்னில் எர்த் பின்னை உடைத்து விடுவதைச் சிலர் வைத்தியமாகச் சொல்வார்கள். ஹம்மிங் நிற்கலாம், ஆனால் ஆம்ப்பில் ஷார்ட் ஆனால் அதன் உடம்பைத் தொடுகிறவருக்கு ஷாக். கரண்ட் போனால் மட்டும் ஹம்மிங் வருகிறதா? அப்போது உங்கள் இன்வெர்ட்டர், கரண்டைச் சீரான அலையாக இல்லாமல் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்காற்று வீசும் இடங்களில் பின்கள் பச்சை பூத்துக் கரகரக்கும். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடையுங்கள், உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு உட்காருவது போதாது. பக்கத்தில் மின்னல் இறங்கினால் கோஆக்ஸ் வழியாகவே பெட்டிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் பாருக்கும் பரவிவிடும். வானம் இருட்டும்போதே பிளக்கோடு சேர்த்து கோஆக்ஸையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் வொயரில் கை வைக்காதீர்கள்.