சிறுநீரக மாற்றுக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழும் நான், டயாலிசிஸுக்குப் புதிதாக வருபவர்களோடு அடிக்கடி பேசுகிறேன். எங்கள் காலத்தில் நடந்த பிழைகளே இன்றும் தொடர்வதால் இதை எழுதுகிறேன். மாத்திரையை மறப்பது, தண்ணீரை அளவின்றிக் குடிப்பது போன்றவற்றை மருத்துவர்களே நாள்தோறும் எச்சரிக்கிறார்கள்; அதனால் அவற்றை விட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

சோர்வு நீங்க இரத்தம் ஏற்றிக்கொள்வது

எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருவது இதுதான். சிறுநீரகம் செயலிழந்தால், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோனின் சுரப்பு குறைந்து ஹீமோகுளோபின் இறங்கும்; நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இதற்கு உரிய சிகிச்சை இரும்புச்சத்தும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும். ஊசி பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதாலும், இரத்தம் ஏற்றினால் உடனே தெம்பு வரும் என்பதாலும், பலர் "ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று தாமே கேட்கிறார்கள். ஆனால் பிறர் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களுக்கு எதிராக நம் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். அவை பின்னர் சிறுநீரகம் தரும் கொடையாளரின் அணுக்களையும் தாக்கினால், இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனை பாசிட்டிவ் ஆகிவிடும்; அதாவது, அந்தச் சிறுநீரகத்தை அப்படியே பொருத்த முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய தாயே சிறுநீரகம் தர முன்வந்தார். இரத்தப் பிரிவு பொருந்தியது, தாயின் சிறுநீரக இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமும் சரியாக இருந்தது. கிராஸ்மேட்ச் மட்டும் பாசிட்டிவ் என்று வந்தது. கோப்பைப் புரட்டினால், ஊசி எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிய சீட்டுகளே வரிசையாக இருந்தன. எதிர்ப்பொருளைக் குறைக்கும் சிகிச்சை உண்டு என்றாலும், அதன் செலவை அந்தக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் இரத்தத்தை மறுக்கவே கூடாது. மற்ற வேளைகளில், "நான் மாற்றுக்குக் காத்திருக்கிறேன், ஊசியால் சமாளிக்க முடியாதா?" என்று கேளுங்கள். ஏற்றியே ஆக வேண்டுமானால் வெள்ளணு நீக்கிய இரத்தம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஏற்றியதை மாற்றுக் குழுவிடம் தவறாமல் சொல்லுங்கள்.

உறவினரை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவது

தருவதாகச் சொன்ன அண்ணனுக்குப் பரிசோதனையில் சர்க்கரை நோய் தெரியவரலாம். மூளைச்சாவடைந்தோரின் உறுப்புக்காக, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் மருத்துவமனை வழியாக முன்பே பதிந்துவிடுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி

இப்போதே தொடங்குங்கள்.

சொத்தைப் பல்

அறுவைக்கு முன்பே சரிசெய்யுங்கள்.

சான்றுகளைக் கடைசியில் தேடுவது

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் திருத்தமும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரையே நெருங்கிய உறவினராகக் கொள்கின்றன; மைத்துனரோ சித்தப்பா மகனோ தருவதென்றால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். உறவைக் காட்டும் சான்றுகளில், ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறு எழுத்துமாக இருந்தால், பரிசோதனைகள் நடக்கும்போதே திருத்த விண்ணப்பியுங்கள்.