கோர்ஸ் மாறும் முன்னால் கொஞ்சம் பொறுங்க

"மாமா, மெக்கானிக்கல் எனக்கு செட் ஆகலை." போன தடவை தீபாவளிக்கு வந்த அக்கா பையன் சொன்னான். சோமனூரில் தறிக்குடும்பம், கோவையில் பி.இ. முதலாண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற வேண்டுமாம். நோட்டை வாங்கிப் புரட்டினேன். அவனைப் படுத்திக்கொண்டிருந்தது மேட்ரிக்ஸும் கால்குலஸும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவுக்கும் பெரும்பாலும் அதே கணக்கு, அதே இயற்பியல், வேதியியல், அதே புரோகிராமிங். மெக்கானிக்கலை அவன் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எம்-1 எனும் முதல் செமஸ்டர் கணக்குத்தாளில் அரியர் விழும் என்று பயந்து பிரிவு மாறினால் அங்கேயும் எம்-1 உட்கார்ந்திருக்கும். ஹாஸ்டல் சோறு பிடிக்காததை பாடம் பிடிக்காததாக நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

போகிற இடத்தை எட்டிப் பார்க்காமல் கிளம்புவது அடுத்த தவறு. அந்தத் துறையின் மூன்றாம் ஆண்டுப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி ஒரு பாடமாவது படித்துப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்துக்கும் போகலாம். கோவை கணபதியில் தெரிந்தவர் பம்புப் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை பையனைக் கூட்டிப்போனேன். லேத் பக்கம் அவன் திரும்பவே இல்லை. கணக்கு எழுதும் அண்ணனிடம் உட்கார்ந்து, ஒரு பம்புக்கு வார்ப்பு எவ்வளவு, கூலி எவ்வளவு, மிச்சம் என்ன என்று மதியம் வரை நோண்டினான். கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் அவனே பி.காம். என்றான்.

சரி, மாறுவது என்று முடிவானால் காகித வேலையில் அவசரம் வேண்டாம். அடுத்த சீட் கைக்கு வருமுன் டி.சி. வாங்கிவிடாதீர்கள். 2018ஆம் ஆண்டு யுஜிசி அறிவிக்கைப்படி சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் கட்டிய ஃபீஸ் திரும்பாது. ஆனால் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. கல்விக்கடன் இருந்தால் நிற்பதற்கு முன்பே வங்கியில் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், வீட்டில் மறைப்பது. வகுப்புக்கே போகாமல் இரண்டாம் செமஸ்டர் ஃபீஸ் கட்டவைத்த பையன்களை எனக்குத் தெரியும். எங்கள் பையன் பொங்கலுக்குள் சொல்லிவிட்டான். மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தறிக்கூடத்தில் இருந்த பழைய நோட்டை எடுத்து வந்து முன்னால் போட்டார்.

"மீட்டருக்கு என்ன நிக்குதுன்னு முதல்ல நம்ம தறிக்குப் பார்த்துச் சொல்லு, சாமி."